கூலி வாங்காத மூட்டைகள்

"எல்லாருக்கும் மூட்டையைத் தூக்கிவிட்டா, கடைசி ஆளுக்கு யாருப்பா தூக்கிவிடுவாங்க?"

சுடர்விழி இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்தாள். எதிரே, நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் சுமைதூக்கும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். இரண்டு பேர் மூட்டையின் காதுகளைப் பிடித்து எழுப்ப, மூன்றாமவர் தலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நடப்பார். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அவள் கேட்டாள்.

அவள் அப்பா நல்லக்கண்ணு தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசி ஆளு குனிஞ்சு நிப்பாரு. மூட்டை தானா வந்து ஏறிக்கும்."

"பொய்யி."

"பொய்யிதான். பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்க தூக்கிவிடுவாங்க."

"பக்கத்துல யாருமே இல்லாட்டி?"

"சங்கம் இருக்கிற எடத்துல யாருமே இல்லாம எப்படிடி இருக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சங்கச் செயலாளர் சாமிதுரைக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. அந்த வருஷ மே தினக் கூட்டத்தில் அதைச் சொல்லிக் கைதட்டுக்கூட வாங்கினார்.

இப்போது சுடர்விழி தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். நல்லக்கண்ணு இரண்டு பருவமாகச் சங்கத்தில் இல்லை.

குடவாசலிலிருந்து உள்ளே வரும் மினி பஸ் கடைசியாக நிற்கும் ஊர் பெருங்கரைமேடு. அந்த ஊரில் சங்கம் என்றால் கூலி கேட்கும் இடம் மட்டும் அல்ல. நல்லக்கண்ணுவின் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். வேலைக்குத் தாமதமாக வந்தவனைக் களத்தில் கட்டிவைத்து அடித்து, சாணியைக் கரைத்துக் குடிக்கவைத்த காலம் அது. சங்கம் வந்த பிறகு, அவருடைய மகன், நல்லக்கண்ணுவின் அப்பா, சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பண்ணைவீட்டு வாசலில் போய் நின்று, கூலியில் அரைப்படி நெல் கூட்டித் தர வேண்டும் என்று கேட்டார். கால்படிதான் கிடைத்தது. ஆனால் துண்டு தோளிலேயே இருந்தது. அதை இறக்கி இடுப்பில் கட்டச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு மெல்ல மெல்ல, 'டேய்' என்று கூப்பிட்ட தெருக்களில் 'வாங்க' என்ற சொல் புழங்க ஆரம்பித்தது.

கொள்முதல் நிலையம் வந்தபோது அங்கேயும் சங்கம் வந்தது. நிழலுக்கு ஒரு கொட்டகை, குடிக்கத் தண்ணீர், மதியச் சோற்றை உட்கார்ந்து தின்பதற்கு நேரம், எல்லாம் கேட்டு வாங்கியவைதான். எல்லாவற்றையும்விடப் பெரியது முறை. இன்றைக்கு யாருக்கு வேலை என்பதை நிலையத்து எழுத்தர் முகம் பார்த்துச் சொன்ன வழக்கத்தைச் சங்கம் ஒழித்தது. பருவம் திறக்கும் காலையில் செயலாளர் கொடிக்கம்பத்தின் அடியில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் "இருக்கேன்" என்பார். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுவதும் அவர் இடத்தை யாரும் பிடுங்க முடியாது. தொடர்ந்து மூன்று பருவம் கூப்பிடப்படாத பெயர் அழிந்த பெயர். அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

நல்லக்கண்ணுவின் பெயர் இரண்டு முறை கூப்பிடப்படவில்லை. தைப்பூசத்துக்கு மறுநாள் காலை மூன்றாம் முறை.

அவர் செய்தது இதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தமிழரசன் என்கிற ஆள், அடுக்கிய மூட்டைகளின் உச்சியிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தினக்கூலி ஆளுக்கு இழப்பீடு கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. ஒரு மூட்டையும் நகராது என்று கொடிக்கம்பத்தைத் தொட்டு எல்லோரும் சொன்னார்கள். நல்லக்கண்ணுவும் சொன்னார்.

பஞ்சநதத்தின் நெல் அப்போது களத்தில் இருந்தது. அவர் கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகையுமாகப் பயிர் செய்கிறவர். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மற்றவர்கள் நெல்லை டிராக்டரில் கொண்டுவந்து குவியலாகக் கொட்டுவார்கள். பஞ்சநதத்துக்கு ஒரு மணி சிந்தினாலும் மனசு ஆறாது. அதனால் வயலிலேயே சாக்கில் பிடித்துக் கட்டிக் கொண்டுவருவார். அந்த மூட்டைகள் களத்தின் பள்ளமான மூலையில் நின்றன. வேலைநிறுத்தத்தின் நடுவில் ஒரு பிற்பகலில் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் குவியல்மேல் படுதாவை இழுத்து மூடினார்கள். பள்ளத்தில் நிற்கும் மூட்டைக்குப் படுதா போட்டுப் பயனில்லை. தண்ணீர் அடியில் வரும். பஞ்சநதம் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்து இழுத்தார். வாய் அவிழ்ந்து நெல் கொட்டியது. அதை அள்ளப் போனார், பிறகு அடுத்த மூட்டைக்குப் போனார், மறுபடி திரும்பி வந்தார்.

புங்கமரத்தடியில் சுமைக்காரர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அது சந்தோஷமாக இல்லை. நல்லக்கண்ணு எழுந்தார்.

"தோழர், உக்காருங்க" என்றார் சாமிதுரை.

"நனைஞ்சிடும் தோழர்."

"தெரியும். உக்காருங்க."

நல்லக்கண்ணு துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு நடந்தார். பஞ்சநதம் ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தார். வாழ்நாளில் அவர் இன்னொருவர் தலைக்கு மூட்டை தூக்கிவிட்டது அன்றைக்குத்தான். கடைசி மூட்டை கொட்டகைக்குள் போனபோது மழை வந்துவிட்டது. பஞ்சநதம் மடியை அவிழ்த்தார். நல்லக்கண்ணு தலையை ஆட்டினார்.

"வேண்டாங்க. சங்கம் வேலைநிறுத்தத்துல இருக்கு. கூலி வாங்கினா அது வேலை ஆயிடும்."

ஆனால் அது வேலைதான் என்று எழுத்தர் மேலிடத்துக்குப் போனில் சொல்லிவிட்டார். பெருங்கரைமேட்டில் மூட்டை நகர்கிறது என்று செய்தி போயிற்று. நாளை என்று சொன்ன பேச்சுவார்த்தை தள்ளிப்போனது. சுமைக்காரர்கள் வீடுகளில் அடுப்புகள் அணைந்தன. முடிவில் தமிழரசனுக்குக் கேட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. அதற்கு அந்த மூட்டைகள் மட்டும்தான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. காரணம் தேடியவர்களுக்கு அது கையில் கிடைத்தது, அவ்வளவுதான்.

கொடிக்கம்பத்தின் முன்னால் நின்று "தப்பு செஞ்சுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சங்கம் தீர்மானம் போட்டது. நல்லக்கண்ணு சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் செங்கல் சூளைக்குப் போனார். போவார், வருவார், வாசலில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்காருவார். மனைவி அம்சம் சோறு போட்டால் சாப்பிடுவார். ஒரு நாள் அவள் கைமறதியாகக் குழம்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டாள். தான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

"உப்பு கரிக்கலையா உங்களுக்கு?"

"கரிச்சுதா?" என்று கேட்டார்.

அவர் தட்டு சுத்தமாக இருந்தது. அன்றைக்கு அம்சம் அடுக்களையில் திரும்பி நின்று அழுதாள். அவருக்கு அழுகையும் வரவில்லை. கோபம் வந்தால்கூட நல்லது என்று அவள் நினைத்தாள். தெருவில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் ஒரு உறவு வேண்டும். சேக் தாவூதின் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் விடுவார்கள். அவர் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனதும் பேச்சு தொடங்குவது முதுகுக்குக் கேட்கும். கொஞ்ச நாளில் டீக்கடைக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

பூசத்துக்காகச் சுடர்விழி விடுமுறை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். பூசத்தன்று காலையில் அப்பாவுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். அன்று காலை சங்கம் கூடுகிறது, அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஒரே ஒரு வார்த்தைப்பா. சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"எதைத் தப்புங்கறது?"

"எதையோ ஒண்ணை. ஆஸ்பத்திரியில நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாரி சொல்றேன் தெரியுமா? டாக்டர் தப்புக்கும் நான்தான் சொல்றேன்."

"நீ சொல்லு. உனக்கு வருது."

"இவரு பெரிய அரிச்சந்திரன்" என்றாள் அம்சம் உள்ளேயிருந்து. "வீட்டுல ஒரு பொம்பள இருக்கா, அவ தெருக்குழாய்ல குடத்தை வச்சுக்கிட்டு தனியா நிக்கிறான்னு நெனப்பு உண்டா? நான் நின்னா மத்தவளுங்க குடத்தை நகத்தி வைக்கிறாளுங்க."

நல்லக்கண்ணு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மேலே இருந்து போட ஆரம்பித்து ஒன்றைத் தவறவிட்டிருந்தார். சுடர்விழி அதை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"நாளைக்குப் பேரு போயிட்டா என்னப்பா செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றார் அவர். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கொடிக்கம்பம் டீக்கடைக்கு எதிரில் இருக்கிறது. ஆட்கள் கம்பத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தாவூது டீ ஊற்றிக்கொண்டே வந்தார்.

"நெடுமாறனுக்கு மட்டும் ரெண்டு பங்கு சர்க்கரை போட்டிருக்கேன். பேச்சாவது இனிக்கட்டும்."

"உங்க கடைச் சர்க்கரைக்கு நாக்கே மரத்துப்போவுது பாய்" என்றான் நெடுமாறன். அவன் தமிழரசனின் அண்ணன். தம்பியைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் எங்கேயும் வருவான்.

சாமிதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்குக் காலையில முறை. நல்லக்கண்ணு பேருக்கு இது மூணாவது பருவம். கூப்பிடலைன்னா அழிஞ்சுது. ஒரு முடிவு வேணும்." பிறகு திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். தோழர் என்று சொல்லவில்லை. எல்லோரும் அதைக் கவனித்தார்கள்.

நல்லக்கண்ணு சற்றுத் தள்ளி நின்றார். "இருக்கணும்னு ஆசைங்க."

"அப்ப அந்த வார்த்தையைச் சொல்லிடுங்க."

"சங்கத்தை மீறினேன். அது நெசம். அதுக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க. கூலியில்லாம வேலை பார்க்கச் சொல்லுங்க, பார்க்கறேன். நெல்லை உள்ள வச்சது தப்புன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. வாய் வரலை."

"அப்ப நாங்க வெளியில விட்டது தப்புங்கறீங்க" என்றான் நெடுமாறன்.

"அப்படிச் சொல்லலையே."

"ரெண்டுல ஒண்ணுதானே தப்பா இருக்க முடியும்?"

"எனக்குத் தெரியலப்பா. ரெண்டும் சரின்னுதான் தோணுது. எங்கப்பா இந்தக் கம்பத்தை நட்டப்ப நான் மண்ணு அள்ளிப் போட்டிருக்கேன். இது தப்புன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

நெடுமாறன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நெல்லு நனைஞ்சா காயவைக்கலாம். எந்தம்பி முதுகெலும்பை எந்த வெயில்ல காயவைக்கிறது? அவனைத் திருப்பிப் படுக்கவைக்க ரெண்டு ஆளு வேணும். அதுல ஒரு ஆளு எங்கம்மா. அவங்களுக்கே புடிச்சு நடக்க ஒரு ஆளு வேணும்."

நல்லக்கண்ணு தலை குனிந்து நின்றார்.

அப்போது பஞ்சநதம் மொபெட்டில் வந்து இறங்கினார். அவர் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. நெற்றியில் திருநீறு அப்போதுதான் பூசியது போல ஈரமாக இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கங்க. இது என்னால வந்தது. நான் வேணா மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"ஓஹோ! நீங்க எப்ப சங்கத்துல சேர்ந்தீங்க?" என்றான் நெடுமாறன். "சந்தா கட்டியாச்சா? சிவப்புத் துண்டு எங்க?"

சிரிப்பு எழுந்தது. பஞ்சநதமும் சிரிக்கப் பார்த்தார்.

"உங்க மன்னிப்பை வச்சுக்கிட்டு நாங்க என்னங்க செய்யறது? அன்னைக்கு உள்ள போன மூட்டை அத்தனையும் போன வழியே திரும்பி வரட்டும். அதே பள்ளத்துல வந்து உக்காரட்டும். ஒரு ராத்திரி பனியில கெடக்கட்டும். அன்னைக்கு எதுவும் உள்ள போகலைன்னு நானே ஒத்துக்கறேன்."

"அந்த நெல்லு அரிசியாகி, ரேஷன் கடைக்கு வந்து, உன் வயித்துக்குள்ளயே போயிருக்கும்" என்றார் தாவூது. "போன வழியே வரணும்னா நீதான் முக்கணும்."

இந்த முறை நெடுமாறனும் சிரித்துவிட்டான். சாமிதுரை மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் அடங்கும்வரை காத்திருந்தார்.

"நெடுமாறன், வெளையாட்டுக்குச் சொன்னீங்களா, நெசமாவா?"

நெடுமாறன் தரையைப் பார்த்தான். "நெசமாவே வச்சுக்குங்க. இந்த வருஷ நெல்லுதான் கொட்டகையில இருக்கே, அதுவா இருந்தாலும் சரி. வெளியில கெடந்துச்சுன்னா நீங்க பேரைக் கூப்பிடுங்க, நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஆனா சங்கத்து ஆளு யாரும் அதைத் தொடக் கூடாது. அவரு வேணா தூக்கிப் போடட்டும்."

"நான் மாட்டேங்க" என்றார் நல்லக்கண்ணு. குரலில் கோபம் இல்லை. "உள்ள வச்ச கையால வெளியில போட முடியாது."

சாமிதுரை எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலையில மூட்டை வெளியில இருந்தா பேரைக் கூப்பிடுவேன். யாரு கொண்டுவந்தாங்கன்னு கேக்க மாட்டேன். இல்லாட்டி அடுத்த பேரு. சரி, கலையலாம். இன்னைக்குச் சாமி ஆத்துக்குப் போவுது."

அது நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு முடிவு வந்ததே என்று கலைந்தார்கள். நல்லக்கண்ணு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "என்னாச்சு?" என்று அம்சம் கேட்டாள். "நாளைக்குத்தான்" என்றார். அவர் முகத்தில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

பஞ்சநதம் அந்த இரண்டு வருஷத்தில் தன்னால் ஆனதைச் செய்துபார்த்திருந்தார். புதுநெல் அரிசியைக் கொடுத்தனுப்பினார். "பொங்கலுக்குத் தந்ததா நெனச்சு வாங்கிக்கறேன், அதுக்காகன்னா வேணாம்" என்று நல்லக்கண்ணு சொல்லியனுப்பினார். தன் வயலிலேயே வருஷம் முழுக்க வேலை தருவதாகச் சொன்னார். "எங்க சங்கத்துக்காரங்க தப்பா நெனப்பாங்க" என்று பதில் வந்தது. வெளியேற்றிய சங்கத்தை எங்கள் சங்கம் என்று சொல்கிற மனிதருக்கு எதைக் கொடுப்பது? சுவாமி சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்வார். வேண்டிக்கொள்வது சுலபம். அதில் உடம்பு வலிப்பதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவர் மனைவி அகிலாண்டம் பூக்கூடையுடன் கிளம்பி நின்றாள். மேளச் சத்தம் தெருமுனையைத் தாண்டி ஆற்றின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் உக்காந்திருக்கீங்க? தீர்த்தவாரிக்கு நேரமாச்சு."

"நீ போ. எனக்கு முட்டி வலிக்குது."

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பூசத்துக்கு நீங்க ஆத்துல இல்லாம இருந்ததே கெடையாது."

"இந்த வருஷம் இல்ல. சாமி கோவிச்சுக்காது."

"ஐயாத்துக்காரர் பேரை வச்சுக்கிட்டு இது என்ன பேச்சு" என்றாள் அவள். திருவையாற்று ஐயாறப்பரை வேண்டிக்கொண்டு பிறந்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்; பஞ்சநதம் என்றாலும் ஐந்து ஆறுதான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. "சரி, உங்களுக்கும் சேர்த்து நானே ரெண்டு முழுக்குப் போட்டுட்டு வர்றேன்."

அவள் போன பிறகு அவர் கதவைச் சாத்திவிட்டு மொபெட்டை எடுத்தார்.

களத்தில் யாரும் இல்லை. காவல்காரரும் ஆற்றுக்குப் போயிருந்தார். கொட்டகைக்குக் கதவு கிடையாது, தூணும் தகரமும்தான். பருவம் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டதால் பஞ்சநதத்தின் மூட்டைகள் உள்ளே நடு இடத்தில் நின்றன. அந்தச் சம்பா முழுவதும் அவற்றில்தான் இருந்தது.

ஒரு வெறும் சாக்கைத் தரையில் விரித்தார். முதல் மூட்டையைத் தோளால் தள்ளி அதன்மேல் சாய்த்தார். சாக்கின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கமாக நடந்து இழுத்தார். கொட்டகையின் விளிம்பில் தரை சரிவாக இருந்ததால் மூட்டை தானாகக் கொஞ்சம் வந்தது. பிறகு வரவில்லை. மண்ணில் உட்கார்ந்துகொண்டு, காலை ஊன்றி, மறுபடி இழுத்தார். பள்ளமான மூலைக்குக் கொண்டுபோய்ப் புரட்டிவிட்டு நிமிர்ந்தபோது கண் இருண்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு திரும்பியதும் சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒருவர் இந்தத் தூரத்தை நடந்தது எப்படி என்று அவருக்கு இப்போது ஆச்சரியமாக இருந்தது. நெல்லைத் தன் பிள்ளை மாதிரி என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதன் கனம் அவருக்கு இதுவரை தெரிந்ததில்லை. தூரத்தில் ஆற்றங்கரையில் வேட்டு வெடித்தது. சுவாமி தண்ணீரில் இறங்கியிருப்பார். பஞ்சநதம் இழுப்பதை நிறுத்தி அந்தத் திசையைப் பார்த்துக் கைகுவித்தார். பிறகு மறுபடி சாக்கைப் பிடித்தார்.

பாதிக்கு மேல் போனபின் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. வலியும் இல்லை, பயமும் இல்லை. குனிவது, சாய்ப்பது, இழுப்பது, திரும்புவது, அவ்வளவுதான். மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அவரால் முடியவில்லை. ஒன்றையொன்று தொட்டபடி படுக்கவைத்தார். ஒரு மூட்டையின் வாய் பிரிந்து நெல் சிந்தியது. மண்டியிட்டு ஒவ்வொரு பிடியாக அள்ளி, மண் கலந்ததைத் துண்டில் புடைத்து, திரும்ப உள்ளே போட்டுச் சணலால் கட்டினார். அதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று.

கடைசி மூட்டையும் வந்துவிட்டது. கொட்டகையில் அவருடைய இடம் காலியாக, தரையின் ஈரம் தெரியக் கிடந்தது. வானத்தில் மேகம் இல்லை. கிழக்கே பூச நிலா பெரிதாக ஏறியிருந்தது. மொபெட்டின் பின்னால் தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது. எப்போதும் வைத்திருப்பார். அதை அவிழ்த்து விரிக்கக் கை போயிற்று. பனியில் கிடக்கட்டும் என்றல்லவா சொன்னார்கள். கையை எடுத்துக்கொண்டார்.

களத்தை ஒட்டி ஓடும் வாய்க்காலில் இறங்கி முகத்தைக் கழுவினார். தண்ணீர் பட்ட பிறகுதான் உள்ளங்கைகள் எரிந்தன. தோல் பல இடங்களில் உரிந்திருந்தது. கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். ஆற்றிலிருந்து மேளம் திரும்பி வரும் சத்தம் கேட்டது. ஆட்கள் இந்தப் பக்கமாக வருவதற்குள் போய்விட வேண்டும். மொபெட்டைக் கிளப்பினால் சத்தம் கேட்கும் என்று, அதைத் தள்ளிக்கொண்டே வரப்போரமாக வீட்டுக்கு நடந்தார்.